ரோஷக்காரியின் சிவப்புக் கார்டு

கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் பாகூர் பஸ்ஸில், பேர்கூடத் தெரியாத வகுப்புக்காரி ஒருத்திக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுத்துவிட்டேன். அவள் முன்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள், கண்டக்டர் பின்னால் நின்றார், என் கையில் சில்லறை இருந்தது. நடந்தது இவ்வளவுதான். இதற்காக அவள் என்னை பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தாள்.

"ஏய், நில்லுடி. துட்ட வாங்கிக்க."

"வுடுடி. நாளைக்கு நீ எடு."

"நாளைக்கு நான் வராம பூட்டா? லாரி கீரி மோதிட்டா? உன் துட்ட வச்சிக்கினு மேல போயி நிக்கணுமா?"

டிக்கெட்டுக்கும் சாவுக்கும் முடிச்சுப் போடுகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். இதற்கு மேல் வாதாடினால் இன்னும் யார் யாரைக் கொல்வாளோ என்று காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் மூச்சு வாங்க நின்று, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "இப்ப சொல்லு, உன் பேரு இன்னா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் ஒன்றாகப் படித்தோம். அவளுக்கு யாரும் எதையும் கொடுத்துவிட முடியாது. கேண்டீனில் போண்டா வாங்கிக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பஜ்ஜி வந்துவிடும். பிறந்தநாளுக்கு வளையல் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே நெயில் பாலிஷ் இருந்தது. தீபாவளிக்கு எங்கள் அம்மா அதிரசம் கொடுத்தனுப்பினால் அதே டப்பா மறுநாள் கொழுக்கட்டையோடு திரும்பி வரும். "கடங்காரன் கூடப் பழகற மாதிரியே இருக்குது இந்தப் பொண்ணு கூடப் பழகறது" என்றார் எங்கள் அம்மா. "இன்னா, இவ தலைகீழு. நம்ம ஓடறோம், இவ குடுக்கறதுக்குத் தொரத்துறா."

வகுப்பில் எல்லோரும் ரோஷக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த இடைவெளியில் ஓடிவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்பதை அவளே ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். அவளுடைய அப்பா கொத்தனார். கூட்டாளி ஒருவர் ஷேர் ஆட்டோ வாங்கும்போது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூட்டாளி ஆட்டோவோடு காணாமல் போய்விட்டார். பைனான்ஸ்காரர்கள் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். அம்மா அவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். தண்ணீரைக் குடித்துவிட்டு, தொண்டை நனைந்த தெம்பில் இன்னும் சத்தமாகத் திட்டினார்களாம். அதற்குப் பிறகு அப்பா வேலைக்கென்று கேரளாவுக்குப் போனார். வருஷத்துக்கு ஒருதரம் வருவார்.

"அன்னிக்கி எங்கம்மா தண்ணி குடுத்திருக்கக் கூடாது" என்றாள். அவளுக்குக் கடனைவிட அந்தச் சொம்புத் தண்ணீர்தான் ஆறவில்லை.

இப்படிப்பட்டவள் கிரெடிட் கார்டு வாங்கப் போகிறேன் என்றபோது நான் நம்பவில்லை. மீன் சாப்பிடாதவள் வலை வாங்கப் போகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அவளுக்கு எம்சிஏ படிக்க வேண்டும். கல்விக்கடன் இல்லாமல் நடக்காது. இரண்டாம் வருஷத்திலேயே பாகூரில் ஒரு பேங்க்குக்குப் போய் விசாரித்தாள். அங்கிருந்த கண்ணாடி போட்ட மேடம், "அப்பா பேரு கெட்டுப் போயிருக்கும்மா. அவரு ஜாமீன் போட்டது அப்படியே நிக்குது" என்றார். "உன் பேரு இன்னும் கெடல. ஆனா நல்ல பேருன்னும் சொல்ல முடியாது. நீ எங்கயும் கடன் வாங்கினதே இல்லியே, உன்ன எப்படி நம்பறது?"

கடன் வாங்காதவளை நம்ப முடியாது என்று ஒரு பேங்க் சொன்னதை அவள் என்னிடம் பத்துத் தடவையாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். ஆனால் மேடம் ஒரு வழியும் காட்டினார். டெபாசிட் போட்டால் அதன்மேல் மாணவிகளுக்கும் ஒரு கிரெடிட் கார்டு தருவார்கள். கொஞ்சமாகச் செலவழித்து, தேதி தவறாமல் கட்டிவந்தால் அவள் பெயரில் ஒரு ரெக்கார்டு உருவாகும். லோன் கேட்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு தடவை தவறினாலும் அதுவும் அதில் தெரியும்.

டெபாசிட்டுக்குப் பணம் இருந்தது. கோடை லீவில் சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போய்ச் சேர்த்தது. விடியும் முன் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பணத்தை யாருக்கும் தராமல், தனக்கும் தராமல் வைத்திருந்தாள்.

அவள் வீட்டில் இதைச் சொன்ன அன்று நானும் இருந்தேன். அவளுடைய அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எம்மா, பேங்க்குல எனக்குக் கார்டு தராங்கமா."

"இன்னா கலரு?"

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. எங்கள் பக்கம் கார்டு என்றால் ரேஷன் கார்டுதான். சிவப்புக் கார்டு ஏழைகளுக்கு, மஞ்சள் கார்டு கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு. அரிசிக்குப் பதிலாக அரசாங்கம் தருகிற பணம், ஆஸ்பத்திரிச் சலுகை, படிப்பு உதவி எல்லாம் சிவப்புக்குத்தான் முதலில். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூடச் சுற்றி வளைத்து அந்த வீட்டுக் கார்டு என்ன கலர் என்று தெரிந்துகொண்டுதான் காபி குடிப்பார்கள்.

இவள் மேடம் கொடுத்த விளம்பரத் தாளை எடுத்துக் காட்டினாள். அதில் கார்டு தங்க நிறத்தில் தகதகவென்று இருந்தது.

அம்மா கீரையைக் கீழே போட்டார். "மஞ்சளா? எவ குடுத்தா இத? மொதல்ல போயி திருப்பிக் குடுத்துட்டு வா. நம்ம செவப்புக் கார்ட புடுங்கிக்குவானுங்கடி."

"எம்மா, அது வேற, இது வேற."

"வேறன்னா அதுக்கு ஏன் கார்டுன்னு பேரு வக்கிறான்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "உங்க வூட்டுல மஞ்ச கார்டு. நீ சிரிப்ப" என்றார். எங்களுக்கு அப்போது கரும்பு நிலம் இருந்தது. நான் குனிந்து கீரை ஆய ஆரம்பித்தேன்.

மறுநாளே தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அவர்களுக்கு மஞ்சள் கார்டு வந்துவிட்டதாம், கேரளாவில் அப்பாவுக்கு ஏதோ பெரிய லாட்டரி அடித்திருக்கிறதாம். பக்கத்து வீட்டம்மா கைமாற்றாக இரண்டாயிரம் கேட்டு வந்தார். பால்காரர், கையில்தான் பணம் புரளுகிறதே, இனி மாசக் கணக்கு எதற்கு, தினமும் கொடுத்துவிடுங்கள் என்றார். இல்லாத பணத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில் அம்மா ஆடிப்போய்விட்டார். கார்டு வாங்கினால் வீட்டில் சோறு இல்லை என்று மகளிடம் கறாராகச் சொன்னார்.

அவள் என்னையும் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போனாள்.

"மேடம், இதே கார்டு செவப்புல கெடைக்குமா?"

மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "கலர் பாத்தா கார்டு எடுக்கறது?"

"ஆமா மேடம்."

"செவப்புல இருக்கறது சாதாரணக் கார்டும்மா. அதுல ஏர்போர்ட்ல உக்காந்து சாப்பிட முடியாது. சினிமா டிக்கெட்டுக்கு ஆஃபர் இல்ல."

"வருஷத்துக்கு இன்னா கட்டணும்?"

"செவப்புக்கு ஒண்ணும் இல்ல. கோல்டுக்குத்தான் வருஷா வருஷம் எழுநூறு ரூபா, வரி தனி."

"அப்ப ஏர்போர்ட்டு போறவங்க கையிலயே அத குடுத்துடுங்க மேடம்" என்றாள். பிறகு, "தேதிக்குள்ள கட்டலன்னா வட்டி எவ்ளோ?" என்று கேட்டாள்.

"மூணரை பர்சென்ட்."

"வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு."

"எங்க தெருவுல ஒருத்தரு மூணு வட்டிக்கு வுடறாரு மேடம். அவரையே யாரும் கல்யாணத்துக்குக் கூப்புடறதில்ல" என்றாள். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு விண்ணப்பத்தை நீட்டினார்.

இப்படியாக, அம்மாவுக்குப் பயந்து கலரைப் பார்த்து எடுத்த கார்டு, விவரம் தெரிந்தவர்கள் யோசித்து எடுக்கிற கார்டாகவே அமைந்துவிட்டது. தபாலில் வந்த அன்று அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்புதான் என்று உறுதி செய்துகொண்டு, குங்குமம் வைத்து ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்துவிட்டார். புத்தகக் கடையில் முதல்தடவை நீட்டியபோது மெஷின் எடுக்கவில்லை. கடைக்காரர் சிப்பைத் துணியால் துடைத்துவிட்டு, "நான் கடை ஆரம்பிச்ச அன்னிக்குக்கூட மெஷினுக்கு இவ்ளோ குங்குமம் வக்கலம்மா" என்றார்.

முதல் பில் வந்தபோது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்த்ததும் மூக்கு விடைத்தது. ஓட இடமில்லை, ஜன்னலோரம் நான்.

"இன்னாடி இது. மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டுன்னு போட்டுட்டு, கீழ மினிமம் டியூ நூறுன்னு போட்டுக்கிறான்?"

"இப்ப நூறு மட்டும் கட்டினா போதும்னு அர்த்தம். மிச்சத்த அப்பறமா கட்டலாம்."

"நான் கேட்டனா?"

"யாரும் கேக்கறதில்ல. அவனா போடறதுதான்."

"என் மூஞ்சியப் பாத்தா முழுசா கட்ட வக்கில்லாதவ மாதிரி தெரியுதா?"

"உன் மூஞ்சிய அவன் பாத்ததே இல்லடி."

"பாக்காமயே சொல்றான் பாரு" என்று சொல்லிவிட்டு, பஸ் இறங்குவதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டையும் கட்டினாள். அப்படியும் ஆறவில்லை. கேண்டீனில் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, நூறு நூறாகக் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போயிற்று. தலை நிமிர்ந்தபோது ஏதோ பேயைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

"இது கடன அடைக்கற வழி இல்லடி. கடன் சாவாம பாத்துக்கற வழி. இத்தினூண்டு இத்தினூண்டா குடுத்துக்கினே இருந்தா, அது நம்ம கூடவே வரும். எத்தினி வருஷம் ஆனாலும் நம்மள வுட்டுப் போவாது."

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒருவரை மட்டமாகப் பேச வேண்டும் என்றால் 'மினிமம் டியூ' என்று சொன்னால் போதும். அரைகுறையாக அசைன்மென்ட் எழுதுகிறவன், பொங்கலுக்கு ஒரே ஒரு கரும்புத் துண்டு கொடுக்கிறவள் எல்லோரும் மினிமம் டியூதான். பட்டம் கொடுப்பது அவள்.

அடுத்த மாசத்திலிருந்து பில் வருவதற்குக் காத்திருக்கவில்லை. கடைக்குப் போவதற்கு முன்பே கார்டுக் கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் போய்த் தேய்ப்பாள். அப்படிச் செய்ததில் ஒருதடவை பொருள் விலை குறைந்து நாற்பது ரூபாய் மிஞ்சிவிட்டது. பில்லில் மைனஸ் நாற்பது என்று வந்தது. பயந்துபோய் பேங்க்குக்கு ஓடினாள். "ஒண்ணுமில்லம்மா, பேங்க் உனக்கு நாற்பது ரூபா தரணும், அவ்ளோதான்" என்றார் மேடம்.

இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தாள். "பேங்க்காரன் எனக்குக் கடன்பட்டுக்கிறாண்டி" என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் முகம் வாடிவிட்டது.

"பாவம்டி. அவனுக்கும் ரோஷம் இருக்குமில்ல."

"யாருக்கு?"

"பேங்க்குக்கு. தரவும் முடியாம, கேக்கவும் முடியாம வச்சிக்கினு இருப்பான்."

பேங்க்கைக் கடனிலிருந்து விடுவிக்க பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போய் நாற்பது ரூபாய்க்கு ஒரு ஹேர் கிளிப் எடுத்தாள். நூறு ரூபாய்க்குக் குறைந்து கார்டு தேய்க்க முடியாது என்றார் கடைக்காரர். அறுபது ரூபாய்க்கு ரிப்பன் சேர்த்து எடுத்துத் தேய்த்தாள். இப்போது இவள் பேங்க்குக்கு அறுபது தர வேண்டும். அந்தக் கடை வாசலிலேயே நின்று, போனில் அறுபதைக் கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நாங்கள் போகவேண்டிய பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. ரிப்பனை நாலாக வெட்டி அவள் தலையில் சுற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இத்தனை சுத்தமாகப் போய்க்கொண்டிருந்த கார்டில் கை வைத்தவர் அவளுடைய தாய்மாமன்.

மாமா கரையாம்புத்தூரில் குத்தகைக்குக் கரும்பு போடுகிறவர். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சட்டையைவிட வெள்ளையாகச் சிரிப்பு. நாங்கள் கடைசி வருஷம் படித்தபோது தீபாவளிக்கு வந்தவர், மருமகளிடம் கார்டு இருக்கிற விஷயத்தைப் பேச்சுவாக்கில் எடுத்தார். புது போன் ஒன்று பார்த்து வைத்திருந்தார். பன்னிரண்டு தவணை, மாசம் ஆயிரத்து எழுநூறு.

"நீ ஒருவாட்டி தேய்ச்சி வுடு பாப்பா. மாசா மாசம் மாமன் கையில குடுத்துடறேன். உனக்குச் சடங்குக்குக் கொலுசு போட்டவன் நானு. என்ன நம்ப மாட்டியா?"

அவ்வளவுதான். அவள் போய்த் தேய்த்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உன்னோட லோனு இதுலதான்டி இருக்குது. யாருக்கோ போன் வாங்கித் தரவா வேன்ல ஏறி பேக்கிங் பண்ண?"

"கொலுசுக் கணக்குடி" என்றாள். "சீரு செஞ்சதத் திருப்பிக் குடுக்க முடியாது. அது ஒண்ணுதான் எனக்கு நிக்குது. பதிமூணு வயசுலேர்ந்து நிக்குது."

மாமா முதல் இரண்டு மாசம் சொன்னபடி கொடுத்தார். அப்புறம் கரும்பு வெட்டு தள்ளிப்போனது, மாடு கன்று போட்டது, மழை வந்தது. இவள் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அந்தத் தவணையைத் தானே கட்டிவந்தாள். தேதி ஒருதடவைகூடத் தவறவில்லை. படிப்பு முடிந்தது. எம்சிஏவுக்குக் கோயம்புத்தூரில் இடமும் கிடைத்தது. கல்விக்கடனுக்கு எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை வா, உன் ரெக்கார்டைப் பார்த்து முடிவு சொல்கிறோம் என்றார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கார்டு பில்லுக்குக் கடைசி நாள். அவள் கையில் இருந்ததெல்லாம் கல்லூரி அட்மிஷனுக்குப் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் தேர்.

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளி. மாமா எந்த வருஷமும் தேரை விட்டதில்லை. அவரை அங்கேயே பிடித்துவிடலாம் என்று அவள் கிளம்ப, துணைக்கு நானும் போனேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் அவள் மாமாவைத் தேடவே இல்லை, போனைத் தேடினாள். தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தேரைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நூறு போன்களில், நீல உறை போட்ட அந்தப் போனைக் கண்டுபிடித்து, "அதுதான், அதுதான்" என்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனாள். போனுக்குக் கீழே மாமா இருந்தார்.

"மாமா, இன்னிக்குக் கடசி நாளு. துட்டு குடு."

"தேரு ஓடற நேரத்துல கடன் பேச்சு பேசக் கூடாது பாப்பா. அம்மன் கோச்சிக்குவா."

"பேங்க்கு கோச்சிக்குது மாமா. திங்கக்கெழம லோனு பாக்கறாங்க."

"ஒரு நாளு தள்ளிக் கட்டினா இன்னா? பேங்க்கு எங்கன்னா ஓடிப்பூடுமா? அடுத்த வெள்ளிக்கெழம தரேன்" என்றார். அதற்குள் வடத்தோடு சேர்ந்து கூட்டம் நகர்ந்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே அதோடு நகர்ந்தார். போகிற போக்கில் ஒரு பொரிகடலைப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அவள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு வேற நான் கடன்பட்டுட்டேன்" என்றாள்.

கடற்கரைக்கு வந்து, கரையில் இழுத்துவிட்டிருந்த படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. மூக்கு மட்டும் விடைத்தபடியே இருந்தது. என் கணக்கில் பணம் இருந்தது. என் போனிலிருந்தே அவள் பில்லைக் கட்டலாம், ஒரு நிமிஷ வேலை.

"கார்டு நம்பரச் சொல்லு. நான் கட்டறேன்."

"வேணாம்."

"உன் மாமன் குடுக்கறப்ப எனக்குத் திருப்பிக் குடு."

"வேணாம்டி. உன்கிட்ட கைநீட்ட மாட்டேன்."

"எங்கிட்ட வாங்கினா இன்னா கொறஞ்சிடுவ?"

"உன்கிட்டதான் கொறஞ்சிடுவேன்" என்றாள்.

எனக்கு அது சுருக்கென்றது. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஒரு போண்டாவைக்கூட என்னிடம் பாக்கி வைக்காதவள், அவள் ஆயுசுப் படிப்பு போகிறதென்றாலும் என்னிடம் வாங்கமாட்டாள் என்றால் நான் அவளுக்கு யார்? நான் கத்தினேன். உன் ரோஷத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடு என்றேன். அப்பா ஒரு கையெழுத்தில் கெட்டார், நீ ஒரு மூக்கில் கெடப்போகிறாய் என்றேன். அவள் அசையவில்லை. பொரியை ஒவ்வொன்றாக எடுத்துக் காக்கைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "சரி, உன் இஷ்டம். எங்கிட்ட வாங்க வேணாம். அந்தாண்ட யாருகிட்டன்னா நூறு ரூபா கேட்டு மினிமம் டியூ கட்டிட்டு வா" என்றேன்.

கன்னத்தில் அறைந்த மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். கடல் காற்றில் முடியெல்லாம் முகத்தில் கிடந்தது. அதை ஒதுக்கக்கூட இல்லை.

"மினிமமா? நானா?"

"நீதான்."

மிச்சமிருந்த பொரியை மொத்தமாகக் காக்கைக்குக் கொட்டினாள். பிறகு கையை நீட்டினாள். "போனக் குடு. நம்பர நானே போடறேன். நீ தப்பாப் போட்டுடுவ."

ஆயிரத்து எழுநூறும் முழுசாகப் போயிற்று. போனைத் துப்பட்டாவில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இருந்தேன்.

மீதிக் கதையை அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டார். மகள் தேரில் நடந்ததைச் சொன்னதும் கரையாம்புத்தூருக்கு பஸ் ஏறினார். தம்பி வீட்டில் சாப்பிட்டார், தம்பி பெண்டாட்டிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார், வரும்போது போனை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். வந்ததும் அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். பானைக்குள்ளிருந்து அவ்வப்போது சினிமாப் பாட்டு கேட்கும். "பாக்கித் தவண மொத்தத்தயும் வச்சாதான் பானையத் தொறப்பேன்" என்று சொல்லிவிட்டார். பைனான்ஸ்காரனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்த அதே அம்மாதான். மாமா ஐந்தாம் நாள் பணத்தோடு வந்தார். அன்றைக்கு அவர் சட்டை கசங்கியிருந்ததாக அவள் தனியாகக் குறிப்பிட்டுச் சொன்னாள்.

திங்கட்கிழமை பேங்க் மேடம் அவள் ரெக்கார்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா எங்க ஸ்டாஃப்கூட வச்சிக்கறதில்லம்மா" என்றாராம். லோன் கிடைத்தது.

கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கையில் பணத்தை வைத்தாள். எண்ணினேன், ஆயிரத்து அறுநூறு இருந்தது.

"நூறு இருக்கட்டும்டி" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பயணச் செலவு கையைக் கடிக்கிறது போல என்று நினைத்து, நானும் இருக்கட்டும் என்றேன். ஆனால் ஆச்சரியமாக இருந்தது. டிக்கெட் காசுக்கு லாரியில் அடிபட்டுச் சாகத் தயாராக இருந்தவள், முழுசாக நூறு ரூபாயை விட்டுவிட்டுப் போகிறாளே என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். "படிக்கப் போறாளில்ல, இப்பவாவது புத்தி வந்துட்டிருக்கும்" என்றார் அம்மா.

அடுத்த வருஷம் தேர் அன்று என் போனில் ஒரு ரூபாய் வந்து விழுந்தது. அவளிடமிருந்து. கீழே 'மினிமம் டியூ' என்று எழுதியிருந்தாள். நான் உடனே கூப்பிட்டேன்.

"இன்னாடி இது, பிச்ச போடறியா?"

"மினிமம் டியூடி. வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க எனக்குக் கோபம். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கேண்டீனில் அவள் போட்ட கணக்கு ஞாபகம் வந்தது. இத்தினூண்டு இத்தினூண்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது நம்ம கூடவே வரும், எத்தனை வருஷம் ஆனாலும் விட்டுப் போகாது. மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவள் ஹைதராபாத்தில் வேலையில் இருக்கிறாள். நான் வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கிறேன். கரும்பு நிலத்தை விற்றுவிட்டோம், எங்கள் வீட்டுக் கார்டு மட்டும் இன்னும் மஞ்சள்தான். போன் பேசுவது குறைந்துபோயிற்று. அவளுக்குக் குடும்பம், எனக்குக் குடும்பம். ஆனால் ஆடிக் கடைசி வெள்ளியன்று ஒரு ரூபாய் வந்துவிடும். அதற்கு நானும் ஒரு பதிலும் போடுவதில்லை. பேங்க் எங்கே பதில் போடுகிறது?

இந்த வருஷம் தேர் அன்று வரவில்லை. காலையில் பார்த்தேன், மதியம் பார்த்தேன். ராத்திரி சாப்பிட்ட கையோடும் எடுத்துப் பார்த்தேன். மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதை நானே நம்பவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம்தான். ஒரு ரூபாய்க்காகக் கூப்பிட்டாள் என்று நினைத்துவிட்டால்? அவள் ரோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கம் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும்போது போன் சத்தம் போட்டது. இரண்டு ரூபாய். கீழே எழுதியிருந்தாள்: 'லேட் ஃபீ சேத்து.'

பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க நின்று சிரித்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன். லேட் ஃபீ அசலில் கழியாது, அது அவளுக்கும் தெரியும். நல்லவேளை, பாக்கி இன்னும் நிறைய இருக்கிறது.